வண்டுக்கு விட்ட கிளை

கொன்றையோடு எருக்கையும் உவந்து சூடி, ஊமத்தையையும் ஒதுக்காமல் ஏற்று, எளியோர் இட்ட பச்சிலைக்கும் இரங்கும் பெருமானே! நின் திருமுடிக்குப் பூத்தொடுத்த விரல்கள் இன்று எழுதுகோல் பற்றுகின்றன. பூவிலே பிழை செய்தபோது பொறுத்தாய்; சொல்லிலே பிழை நேரினும் பொறுத்தருள்வாய். ஆனைமுகத்து ஐயன் முன்னே நடக்க, அடியாள் பின்னே வருகிறேன்.

நாங்கள் புறப்பட்டது ஓர் ஆவணி மாதம். வளர்பிறைப் பஞ்சமியும் அத்த நட்சத்திரமும் கூடிய வியாழக்கிழமை. வியாழனன்று எமகண்டம் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும் என்பதால், அதற்கு முன்பே என் மாமனார் கூண்டு வண்டியில் ஏறி அமர்ந்துவிட்டார். மாடு இன்னும் பூட்டப்படவில்லை. வண்டிக்காரரும் வந்து சேரவில்லை.

"ஏறி உக்காந்தாச்சுன்னா பயணம் தொடங்கியாச்சுன்னுதான் அர்த்தம்" என்றார் மாமனார்.

"அப்ப மாடு எதுக்குப்பா? இப்பிடியே மதுரைக்குப் போயிருவோம்" என்றார் என் கணவர்.

தேனிக்கு ரயில் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. எங்கள் ஊர் சின்னமனூருக்கும் மார்க்கையன்கோட்டைக்கும் நடுவில், முல்லையாற்று வாய்க்கால் பாயும் வயல்களுக்கிடையே இருக்கிறது. அங்குள்ள சிறிய சிவன் கோயிலுக்கு மந்தாரையே தலமரம். மந்தாரை பல ஊர்களிலும் உண்டு. ஆயினும் எங்கள் மரத்தின் பூ பால்வெள்ளையாக மலர்ந்து, இதழின் அடியில் மட்டும் குங்குமக் கீற்று ஒன்றைத் தாங்கியிருக்கும். வெண்ணீறு பூசிய நெற்றியில் கண் ஒன்று திறக்கப் பார்ப்பதுபோல் இருக்கும் என்று மாமனார் சொல்வார். அப்படிப்பட்ட மந்தாரையைப் பள்ளத்தாக்கில் வேறெங்கும் நாங்கள் கண்டதில்லை.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த மறுமாதமே நந்தவனத்துப் பூத்தொண்டு என் கைக்கு வந்தது. விடியுமுன் நீராடி, ஈரப்புடவையோடு குடலை ஏந்திச் சென்று, வண்டு வருவதற்குள் பூப்பறித்து முடிக்க வேண்டும். வண்டு வாய் வைத்த மலர் எச்சில் என்பதும், எச்சில் மலர் இறைவனுக்கு ஆகாது என்பதும் எங்கள் ஊரில் மாறாத முறை. மந்தாரை மரத்தில் மலர்ந்த பூ ஒன்றுகூட மிஞ்சாமல் பறித்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது என்பதை இன்று மறைப்பானேன்?

நான் வந்த இரண்டாம் ஆண்டில் அந்த மரம் வேரில் கறையான் பற்றி, ஐப்பசிக் காற்றில் சாய்ந்து பட்டுப்போனது. கிளையில் ஈரம் இருந்தபோதே பதியம் போட்டுப் பார்த்தோம், வேர் பிடிக்கவில்லை. விதை போடலாமென்றால், அந்த மரம் காய்த்ததை ஊரில் எவரும் கண்டதேயில்லை. வரும் தை மாதத்தில் குடமுழுக்குச் செய்வதாக இருந்தது. தலமரம் இல்லாமல் குடமுழுக்கு எப்படி என்று ஊர்ப் பெரியவர்கள் தயங்கினார்கள். வாய்க்கால் படித்துறையில் பெண்கள் தயங்கவில்லை. என் காதில் விழும்படியே பேசினார்கள்.

"முன்ன பூப்பறிச்சவுக காலத்துல மரம் எப்பிடி நின்னுச்சு! கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல."

"எதுக்கும் இவளை உங்க வீட்டு முருங்கைப் பக்கம் விடாத."

அன்று நான் சிரித்தபடிதான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபின் அழுதேன். எப்படியாவது அதே மந்தாரையின் கன்று ஒன்று கிடைக்கவேண்டும், அது என் கையால் நடப்பட்டுத் துளிர்க்கவேண்டும் என்பதே அந்நாளில் என் ஒரே வேண்டுதல். அந்நிலையில்தான், நெல் விற்க மதுரைக்குப் போயிருந்த என் கணவர் அங்கே பூக்கடை மண்டியில் ஒரு செய்தி கேட்டு வந்தார். வைகைக்கு வடக்கே, நகரத்துக்கு வெளியில் ஒரு செடித்தோட்டமும் பண்ணையும் இருக்கின்றன. அருகிவரும் மரங்களையும் பழைய விதைகளையும் தேடிச் சேர்த்து அங்கே வளர்க்கிறார்கள். அடியில் சிவந்த கீற்றுள்ள வெள்ளை மந்தாரையும் அங்கே இருக்கிறதாம்.

சின்னமனூர்வரை மாட்டுவண்டி, தேனிவரை மோட்டார், அங்கிருந்து ரயில். ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி திணறி ஏறியபோது மாமனார் பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டே வந்தார். இறக்கத்தில் அது தானாகவே வேகமெடுத்தது. இரவு மதுரையில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். மறுநாட்காலை, குதிரைவண்டி பிடித்துத் தோட்டத்துக்குப் போனோம்.

வாயிலில் எங்களை வரவேற்றவர் வயது முதிர்ந்த தோட்டக்காரர். வந்த காரியத்தைக் கேட்டுக்கொண்டு, "கன்னு குடுக்கிறதெல்லாம் எங்க ஐயாதான். டவுனுக்குப் போயிருக்காக; உச்சிப்பொழுதுக்கு வந்துருவாக. அதுவரைக்கும் சுத்திப் பாருங்க. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாக" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மனத்தில் நன்றாக வாங்கிக்கொண்டேன்.

அந்த முற்பகலை நான் மறக்கவே இயலாது. ஒவ்வொரு மரத்தின் அடியிலும் ஒரு தகரப் பலகை. அதில் தமிழ்ப் பெயரும், அதன் கீழே வேற்று மொழியில் நீண்ட பெயர் ஒன்றும் எழுதப்பட்டிருந்தன. என் கணவர் ஒரு வேம்பின் முன் நின்று அந்த நீண்ட பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா மரம் திரும்பிக்கூடப் பாக்காது" என்றார்.

எனக்கோ தமிழ்ப் பெயர்களே போதுமானவையாக இருந்தன. என் தந்தையார் எனக்குப் பத்து வயதுக்குள் பல பதிகங்களைப் பாடமாக்கியிருந்தார். இறைவன் உறையும் பொழில்களைப் பாடும்போதெல்லாம் செருந்தி, குரவம், சுரபுன்னை என்று மரங்களின் பெயர்கள் வரிசையாக வரும். நாவில் தித்தித்த அந்தப் பெயர்களுக்கு உரிய உருவத்தை நான் கண்டதில்லை. பலகாலம் கடிதம் மட்டும் எழுதிக்கொண்டிருந்த உறவினர் ஒரே பந்தியில் வந்து அமர்ந்ததுபோல, அங்கே அவை அனைத்தும் நின்றன. செருந்தியின் முன் சென்று கைகூப்பிவிட்டேன்.

"செருந்தியா இது?" என்றார் மாமனார். "இம்புட்டுக் குட்டையா?"

"பாட்டுல பெருசா இருந்துச்சே, மாமா."

"பாடுனவுக தரையில உக்காந்து அண்ணாந்து பாத்திருப்பாக, தாயி."

மரங்களைத் தாண்டிப் பண்ணை தொடங்கியது. சிறு சிறு பாத்திகளில் பல வகை நெல்லும் சோளமும் வரகும் தனித்தனியே வளர்ந்தன. ஒரு பாத்தியின் நெற்கதிரை மாமனார் கையில் ஏந்தி, உமியின் நிறத்தைப் பார்த்தார்; முகர்ந்தார்; ஒரு மணியைக் கடித்தும் விட்டார். தம் தந்தையார் காலத்தில் தங்கள் மேட்டு வயலில் விளைந்த நெல் அதுவே என்று அடித்துச் சொன்னார். பிறகு கடித்த நெல்லைத் துப்பலாமா விழுங்கலாமா என்று குழம்பி, அன்னம் ஆதலால் விழுங்கிவிட்டார். உடனே, பூசைக்கு முன் உண்டுவிட்டோமே என்று வருந்தினார்.

அவர் சிவதீட்சை பெற்றவர். உச்சிப்பூசை முடியாமல் பச்சைத் தண்ணீரும் பருகமாட்டார். தோட்டத்தின் நடுவே ஒரு சிறு குளமும், அதன் கரையில் நாற்கால் மண்டபமும் இருந்தன. அங்கே அமர்ந்து, சம்புடத்திலிருந்த சிவலிங்கத்தை எழுந்தருளச் செய்து, நீராட்டி முடித்துக் கையை நீட்டினார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. விடியற்காலையில் சத்திரத்து நந்தவனத்தில் பறித்து ஈரத்துணியில் பொதிந்து வைத்திருந்த பூக்குடலையை, நான் குதிரைவண்டியிலேயே விட்டுவிட்டேன்.

"பூ எங்க, தாயி?"

"வண்டியில இருக்கு, மாமா."

"வண்டி எங்க?"

"அது மதுரைக்குத் திரும்பிப் போயிருச்சு" என்றார் என் கணவர். "குதிரை இந்நேரம் அருச்சனையை முடிச்சிருக்கும்."

மாமனார் கோபிக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் சொல்லத் தொடங்கினார். அவர் வயிறு இரைந்தது எனக்குக் கேட்டது. கோபித்திருந்தாலும் எனக்கு அவ்வளவு வருத்தம் வந்திராது. உடனே எழுந்து பூத்தேடி ஓடினேன்.

பூசைக்குப் பூப்பறிக்க எங்கள் ஊரில் எவரும் எவரையும் கேட்பதில்லை. யாருடைய தோட்டமானாலும் படலைத் திறந்து பறித்துக்கொண்டு, திரும்பும்போது படலைச் சாத்திவிட்டு வரவேண்டும் என்பது ஒன்றே கட்டுப்பாடு. அந்தத் தோட்டத்தின் கோடியிலும் ஒரு மூங்கில் படல் இருந்தது. திறந்து உள்ளே போனேன். எதிரே என் தலைக்குச் சற்று மேல் உயர்ந்த இரண்டு மந்தாரைகள் நின்றன. பால்வெள்ளைப் பூ, இதழின் அடியில் குங்குமக் கீற்று. கன்று கேட்டு வந்த காரியம் பலித்துவிட்டது என்றே மனம் துள்ளியது.

அருகில் சென்று பார்த்தேன். மலர்ந்திருந்த பூக்கள் அனைத்திலும் வண்டுகள் புகுந்து புறப்பட்டுக்கொண்டிருந்தன. ஆனால் தாழ்ந்த கிளைகளில் சில காம்புகளுக்கு மட்டும் மெல்லிய தாளால் சிறு பை செய்து கவிழ்த்து, வாழைநாரால் கட்டியிருந்தார்கள். ஒரு பையை மெல்ல அவிழ்த்தேன். உள்ளே, மாசு மருவற்ற, வண்டு தீண்டாத புதுப்பூ ஒன்று இருந்தது!

வாசகர்களே, அந்தக் கணத்தில் என் நெஞ்சில் எழுந்த எண்ணத்தை உள்ளபடி எழுதுகிறேன். இந்தத் தோட்டத்து அதிகாரி எப்பேர்ப்பட்ட சிவனடியார்! நாங்கள் வண்டை முந்திக்கொள்ள இருட்டில் எழுந்து ஓடுகிறோம். இவரோ பூ மலருமுன்பே அதற்குத் திருவாடை உடுத்தி, எச்சில் படாமல் காத்து வைத்திருக்கிறார். ஊருக்குப் போனதும் நாமும் இம்முறையைக் கைக்கொள்ளவேண்டும். இவ்வாறு வியந்துகொண்டே பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். உள்ளே பூ வாடியிருந்தால், வாடிய பூ பூசைக்கு ஆகாது என்பதால், அதைத் தொடாமல் பையை முன்போலவே கவிழ்த்து முடிச்சிட்டேன். புதிதாக மலர்ந்திருந்தவை ஐந்து. அந்த ஐந்தையும் பறித்துக்கொண்டு, படலைச் சாத்திவிட்டு ஓடிவந்தேன்.

மாமனார் கண்களைத் திறந்து பூக்களைப் பார்த்தார். ஐந்து பூவையும் ஐந்தெழுத்துக்கு ஒன்றாக இலிங்கத்தின்மேல் சாத்தினார். பட்டுப்போன தலமரமே எழுந்து வந்து பூச்சொரிந்ததுபோல் இருந்தது எங்கள் மூவருக்கும்.

தீபம் காட்டும் நேரத்தில் மண்டபத்தின் வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. மூக்குக்கண்ணாடி அணிந்த ஒருவர் கையில் குறிப்பேட்டோடு விரைந்து வந்தார். அவருக்குப் பின்னால் தோட்டக்காரர் வந்தார். இவர்தாம் அதிகாரி என்று கண்டுகொண்டேன். அவர் எங்களைப் பார்த்தார், இலிங்கத்தைப் பார்த்தார், அதன்மேல் இருந்த பூவைப் பார்த்தார். பூக்காம்புகளில் எண் எழுதிய சிறு சீட்டுகள் நூலில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை அவிழ்க்க எனக்குத் தோன்றவில்லை. கோயில் பொருளுக்கு அடையாளம் இருப்பது வழக்கம்தானே என்று விட்டுவிட்டிருந்தேன். அவர் முகம் சிவந்தது, வாய் திறந்தது. ஆனால் தீபம் எரிந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். மாமனாரோ ஒரு பதிகம் முழுவதையும் நிறுத்தி நிதானமாகப் பாடினார். பதினொரு பாட்டும் முடியும்வரை அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணீர் மல்க நின்றதை, பக்திப் பெருக்கு என்றே நான் கருதினேன். திருநீற்றை வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்ட பிறகுதான் வெடித்தார்.

"யாரய்யா இந்தப் பூவைப் பறிச்சது?"

"நான்தான் ஐயா" என்றேன் பெருமையோடு.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க! பறிக்கணும்னா மரம் நிறையப் பூ இருக்கே! பை கட்டின பூதான் கிடைச்சுதா?"

"மத்த பூவுல எல்லாம் வண்டு மொய்ச்சிருச்சு ஐயா. அது எச்சிப் பூ. நீங்க கட்டிவச்ச பூவுதான் சுத்தமா இருந்துச்சு."

அவர் தலையில் கைவைத்து மண்டபத்துப் படியில் அமர்ந்துவிட்டார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்தவர். இந்த வெள்ளை மந்தாரையில் பூக்கும் மரங்கள் இரண்டே இரண்டுதான் அவர் அறிய மிஞ்சியிருந்தன. பக்கத்திலேயே செம்மந்தாரைகள் நிற்பதால், வண்டு அந்த மகரந்தப் பொடியை இதில் கொண்டுவந்து சேர்த்துவிடும்; அப்படிப் பிறக்கும் கன்றில் இந்த வெண்மை நிற்காது. ஆகையால் மொட்டாயிருக்கும்போதே பை கட்டி, மலர்ந்த காலையில் மற்றொரு வெள்ளை மந்தாரையின் பொடியைத் தூரிகையால் தடவி, மறுபடியும் பை கட்டி விதைக்காகக் காத்துவந்தார். இந்தப் பருவத்து விதை முழுவதும் அந்தப் பைகளில் இருந்தது. இவ்வளவையும் அவர் விளக்கிச் சொல்லச் சொல்ல என் பெருமை கரைந்துகொண்டே வந்தது.

"நாங்க வந்ததே இந்தக் கன்னுக்குத்தான் ஐயா" என்றார் என் கணவர், மிகவும் தாழ்ந்த குரலில்.

"இனிமே கன்னாவது ஒண்ணாவது? போன வருஷக் கன்னு ஒண்ணு ரெண்டுதான் இருக்கு. விதை வரும்னு நம்பித்தான் அதுல ஒண்ணைத் தரலாம்னு இருந்தேன். இப்ப அதையும் விடமுடியாது."

படித்துறைப் பேச்சு என் காதில் ஒலித்தது. ஊரில் ஒரு மரம் போதாதென்று, மதுரைக்கு வந்து மற்றொன்றின் விதையையும் கெடுத்தவள் ஆனேன் அல்லவா? வாய்விட்டு அழுதுவிட்டேன். அழுகையினூடே, "எல்லாத்தையும் பறிக்கல ஐயா. வாடுன பூவைத் தொடவே இல்ல. பையை அப்பிடியே கட்டிட்டேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "வாடின பூவைத் தொடலையா?"

அடுத்த நொடியில் அவர் படலை நோக்கி ஓடினார். நாங்கள் மூவரும் தோட்டக்காரரும் பின்னால் ஓடினோம். முதற்பையை அவிழ்த்தார். வாடிச் சுருங்கிய இதழ்களுக்கு நடுவே, ஊசிபோல் மெல்லிய பச்சைப் பிஞ்சு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த பையிலும் அப்படியே. மூன்றாம் பையிலும் அப்படியே. வாடியவையே கருக்கொண்டவை, மலர்ந்து நின்ற ஐந்தும் அன்று காலையில்தான் பொடி தடவப்பட்டவை. ஒருநாள் வேலை போயிற்றே தவிர, பருவத்து விதை போகவில்லை. பையின் முடிச்சுகளை அவர் உற்றுப் பார்த்துவிட்டுத் தோட்டக்காரரிடம் திரும்பினார்.

"நீர் போடுற முடிச்சைவிட இந்தம்மா போட்ட முடிச்சு நல்லா இருக்குய்யா."

"பூக்கட்டுற கை ஐயா அது" என்றார் தோட்டக்காரர். "எனக்கு மாடு கட்டுற கை."

அனைவரும் சிரித்தோம். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தேன். கோபம் தணிந்த அதிகாரி எங்களை அமரச் செய்து, இளநீர் வெட்டித் தரச் சொன்னார். பிறகு, "உங்க ஊர்லயே இந்த மரம் இருந்துதுன்னா விதை எடுத்து வைக்கலையா?" என்று கேட்டார்.

"அது காய்க்காது ஐயா" என்றார் மாமனார். "மலட்டு மரம். எங்க பாட்டன் காலத்துல இருந்தே காய்ச்சதில்ல. சாமி மரம்ங்கிறதால அப்பிடி."

"பூவை எப்பப் பறிப்பீங்க?"

"விடியுமுன்ன, வண்டு வாறதுக்குள்ள."

"எல்லாப் பூவையுமா?"

"ஒண்ணு விடாம" என்றேன் நான்.

அதிகாரி எங்களை மாறிமாறிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. "பெரியவரே, மரம் மலடு இல்லை. வண்டு வந்தாத்தான் பூ காயாகும். பாட்டன் காலத்துல இருந்து அதை நீங்க ஒருநாளும் வரவிடலை" என்றார்.

மாமனார் இளநீரைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய பாட்டனார், தந்தையார், அவர், இப்போது நான் என்று அத்தனை பேரும் அன்பினால் செய்த தொண்டே அந்த மரத்தைச் சந்ததியற்றதாக்கிவிட்டது என்பதைக் கேட்க அவருக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்! அதிகாரி மேலும் சொன்னார்: "நாளைக்கு மலர்ற மொட்டுக்கெல்லாம் இன்னிக்குச் சாயங்காலம் பை கட்டணும். இந்தம்மா கை வேணும். போன அஞ்சு பூவுக்கு ஈடாச்சு. செஞ்சு குடுத்தா ஒரு கன்னு தரேன். ஆனா ஒரு நிபந்தனை. மரம் வளர்ந்து பூக்கும்போது ஒரு கிளையை வண்டுக்கு விட்டுடணும். அந்தக் கிளையில ஒரு பூகூடப் பறிக்கக்கூடாது. உங்க ஊர்ல செம்மந்தாரை இல்லைன்னா வண்டே போதும். சம்மதம்னு பெரியவர் வாயால சொல்லணும்."

"தலமரத்துல எச்சிக் கிளையா?" என்றார் மாமனார். "யோசிச்சுத்தான் சொல்லணும்" என்று எழுந்து குளக்கரைக்குப் போய்விட்டார்.

அன்று மாலை நான் மொட்டுகளுக்குப் பை கட்டினேன். இரவு தோட்டக்காரர் வீட்டில் தங்கினோம். மறுநாள் விடிந்ததும் அதிகாரி என் கையில் மெல்லிய தூரிகை ஒன்றைத் தந்து, ஒரு மரத்துப் பூவின் பொடியை எடுத்து மற்ற மரத்துப் பூவின் சூலகத்து நுனியில் தடவக் கற்றுக்கொடுத்தார். வண்டை முந்திக்கொண்டு பூப்பறித்த நான், அன்று வண்டின் வேலையையே செய்தேன். என் கணவர் கைகட்டி நின்று, "வண்டம்மா, கொஞ்சம் ரீங்காரமும் பண்ணு; அப்பத்தான் பூ நம்பும்" என்றார். சிரிப்பில் தூரிகை ஆட, பொடி என் மூக்கில் ஒட்டிக்கொண்டது.

படலுக்கு வெளியே மாமனார் நின்றிருந்தார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. பை கட்டாத மேற்கிளைகளில் வண்டுகள் மொய்த்து இசைத்துக்கொண்டிருந்தன. அவர் காதைச் சாய்த்து அதைக் கேட்டபடி இருந்தார்.

"தாயி" என்று அழைத்தார். "நாம பாடுற பாட்டுல எல்லாம் சாமி இருக்கிற சோலையில வண்டு பாடுது, வண்டு பாடுதுன்னுதான வருது?"

"ஆமா மாமா. வராத பதிகமே இல்ல."

"அம்புட்டுப் பேரும் அதைப் பாடி வச்சிருக்காக. நாம என்னடான்னா, வண்டு பாடுதுன்னு கோயிலுக்குள்ள பாடிட்டு, வெளிய வந்து அதை விரட்டுறோம்." அதிகாரியைப் பார்த்துக் கைகூப்பினார். "ஐயா, சம்மதம். தெற்குக் கிளை வண்டுக்கு."

கன்று முழங்கால் உயரம் இருந்தது. மண்ணோடு ஒரு தொட்டியில் வைத்துத் தந்தார்கள். ரயிலில் அதற்குச் சன்னலோர இடம். மாமனார் நின்றுகொண்டே வந்தார். உசிலம்பட்டியில் ஏறிய ஒருவர், "கன்னைக் கீழ வச்சிட்டு உக்காருங்க பெரியவரே" என்றார். "அவுகளுக்கு இதுதான் முதல் ரயில்" என்றார் மாமனார். நெடுநேரம் அந்த மனிதர் எங்களைவிட்டுச் சற்றுத் தள்ளியே அமர்ந்திருந்தார்.

நல்லநாள் பார்த்து, பழைய மரம் நின்ற இடத்தில், கறையான் புற்றை அகழ்ந்து வேப்பம்புண்ணாக்கு இட்டு, என் கையால் கன்றை நட்டேன். பத்தாம் நாள் இரண்டு சிறகு விரித்ததுபோல் ஓர் இலை துளிர்த்தது. தை மாதத்தில் குடமுழுக்கு நடந்தபோது, கோபுரக் கலசத்துக்கு வார்த்த நீரில் ஒரு செம்பு அதற்கும் வார்த்தார்கள்.

மூன்றாம் ஆண்டு மரம் பூத்தது. மாமனார் தெற்குக் கிளையில் மஞ்சள் துணி கட்டி, கோயிலில் கூடியிருந்தவர்களிடம் முறைப்படி அறிவித்தார்: காலைப் பூசைச் செலவை ஏற்ற ஒரு குடும்பத்தார் கட்டளை, விளக்கெண்ணெய்க்கு ஒரு குடும்பத்தார் கட்டளை இருப்பதுபோல், தெற்குக் கிளை வண்டுக் கட்டளை. அதில் கைவைப்பவர் கோயில் பொருளில் கைவைத்தவர் ஆவார். சிலர் முணுமுணுத்தார்கள், ஒரு மூதாட்டி, "கட்டளைக்காரவுக திருவிழாவுக்கு வரி குடுப்பாகளா?" என்று கேட்டார். "தினமும் வந்து பாடுறாகள்ல, அதுதான் வரி" என்றார் மாமனார்.

அவ்வாண்டு தெற்குக் கிளையில் தட்டையான பச்சைக் காய்கள் தொங்கின. ஊரார் வந்து வந்து பார்த்தார்கள். என்னைக் கிண்டல் செய்த படித்துறைப் பெண்களும் வந்தார்கள். தொட்டுப் பார்க்கலாமா என்று என்னிடமே அனுமதி கேட்டார்கள். காய்கள் பழுத்துக் காய்ந்து கறுத்தன. ஒருநாள் உச்சிவெயிலில், மாமனார் பூசை முடித்து மரத்தடியில் கண்ணயர்ந்திருந்தபோது, தலைக்கு மேலே 'பட்' என்று ஓர் ஓசை கேட்டது. திடுக்கிட்டு எழுந்தார். முற்றிய காய் ஒன்று வெடித்து, விதைகள் தெறித்து, ஒன்று அவர் மடியிலேயே விழுந்திருந்தது. அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, "ஏத்தா, ஓடியா! பாட்டன் காலத்து மலடு தீந்துச்சு!" என்று அவர் கூவிய குரல் வாய்க்கால் கரைவரை கேட்டது. நான் சோற்றுக் கையோடு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் இன்னும் இரண்டு காய்கள் வெடித்தன. அவர் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு, அடுத்தது எங்கே தெறிக்கும் என்று மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். நானும் முந்தானையை விரித்தேன்.

இதைப் படிப்போரும், படிக்கக் கேட்போரும், பிறர்க்கு எடுத்துச் சொல்வோரும் நலம் பல பெறுவாராக. அவர் வீட்டில் விதைத்தது முளைக்கட்டும்; முளைத்தது பூக்கட்டும்; பூத்தது காய்க்கட்டும். அறியாது செய்த பிழையை அன்போடு எடுத்துரைப்பார் ஒருவர் அவர்க்கு வாய்க்கட்டும். அதை ஏற்கும் உள்ளமும் வாய்க்கட்டும். மழை பொய்யாது, ஆறு வற்றாது, பொழில்தோறும் வண்டு பாட, எல்லாரும் இன்புற்று இருப்பாராக. சிவசிவ.